மைனஸ் மூன்று

லாஸ்பேட்டையில் உள்ள உதயரேகை கலை அறிவியல் கல்லூரியின் முதல் மாடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் அறைக்கு 'அயலகக் கல்வி அனுபவப் பிரதிபலிப்பு மையம்' என்று பெயர். பெயர்ப்பலகை கதவைவிட அகலமாகிவிட்டதால் பாதியைச் சுவரிலும் பாதியை ஜன்னல் கதவிலும் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பாதிப் பெயர் திரும்பிக்கொள்ளும். அதனால் அந்த ஜன்னலை யாரும் திறப்பதில்லை. உள்ளே எப்போதும் புழுக்கமாக இருக்கும். பிள்ளைகள் அதைக் கண்ணாடி ரூம் என்பார்கள்.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர் நேராக வர வேண்டிய இடம் அது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால்தான் புரியும். அங்கே எழுதிய பரீட்சை, அங்கே வாங்கிய மதிப்பெண் எல்லாம் அங்கிருந்து ஒரே மின்னஞ்சலில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் வந்த மதிப்பெண் கல்லூரியின் மதிப்பெண் ஆகாது. அந்த மாணவர் தன் அனுபவத்தைப் பிரதிபலித்து, அந்தப் பிரதிபலிப்பை மையம் அளந்து, அளவு சரி என்று முத்திரை குத்திய பிறகுதான் ஆகும். அதுவரை அந்தச் செமஸ்டரை 'வருகை இல்லை' என்று எழுதி வைத்திருப்பார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கலாம். அது வேறு நாட்டு முத்திரை.

வீராம்பட்டினத்து சத்யப்பிரியா ஜூன் ஐந்தாம் தேதி கண்ணாடி ரூமுக்குள் நுழைந்தாள். விலங்கியல் கடைசி ஆண்டு. பிரான்சில் மேற்குக் கடலோரத் துறைமுக ஊர் ஒன்றில் நான்கு மாதம் படித்துவிட்டு வந்தவள். மீன்வளத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூன் முப்பதாம் தேதிக்குள் முழு மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் முனைவர் புருஷோத்தமன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் 'மைனஸ் மூன்று' என்று இருந்தது.

"இது என்னம்மா?" என்றார்.

"தெரியல சார்."

"இதுதான் உன்னோட மாற்றக் குறியீடு."

மாற்றக் குறியீடு எப்படி வேலை செய்கிறது என்பது கேட்க வேண்டிய விஷயம். வெளிநாடு போவதற்கு முன்பு மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். 'நீங்கள் உங்களை எந்த அளவுக்கு அறிவும் துணிவும் உள்ளவராகக் கருதுகிறீர்கள்?' ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். அது முன்நிலை. திரும்பி வந்து விமானத்தைவிட்டு இறங்கிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதே கேள்விக்குப் போனில் பதில் அழுத்த வேண்டும். அது பின்நிலை. பின்நிலையிலிருந்து முன்நிலையைக் கழித்தால் வெளிநாடு அந்த மாணவரை எவ்வளவு மாற்றியது என்று தெரிந்துவிடும். ஒரு மனுஷியின் நான்கு மாத வாழ்க்கையை ஒரு கழித்தல் கணக்குக்குள் கொண்டுவந்தது உண்மையிலேயே திறமையான வேலை. பின்நிலை முன்நிலையைவிடக் குறையலாம் என்று மட்டும் அதை உருவாக்கியவர்களுக்குத் தோன்றவில்லை.

சத்யப்பிரியா போகும்போது ஒன்பது போட்டிருந்தாள். வந்ததும் ஆறு அழுத்தியிருந்தாள்.

இரண்டுமே அவள் யோசித்துப் போட்ட எண்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அம்மா தனக்கொடியோடு கரையில் மீன் ஏலத்தில் நின்றவள் அவள். படகு வந்து மீனைக் கொட்டியதும் குரல்கள் மேலே மேலே ஏறும். யார் குரல் கடைசியாக நிற்கிறதோ அவருக்குக் குவியல். அந்தக் கூச்சலில் அம்மாவின் குரலுக்கு அடுத்த குரல் இவளுடையது. ஆகவே ஒன்பது. அந்தத் துறைமுக ஊரில் ஏலக்கூடத்தைப் பார்க்கப் போனபோது அங்கே குரலே இல்லை. மீன்பெட்டி கன்வேயர் பட்டையில் நகர்ந்து வருகிறது. பலகையில் விலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. முதலில் பொத்தானை அழுத்தியவருக்குப் பெட்டி. அவசரப்பட்டால் அதிக விலை, காத்திருந்தால் மீன் போச்சு. ஒவ்வொரு பெட்டியிலும் எந்தப் படகு, எந்த வலை, எந்த இடம், எத்தனை மணிக்குப் பிடித்தது என்று சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான் இத்தனை வருஷம் தான் வாங்கிய எந்த மீனையும் பற்றி அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்று அவளுக்கு உறைத்தது. ஆகவே ஆறு.

"தெரியாதது எவ்வளவுன்னு அங்க போயிதான் சார் தெரிஞ்சிச்சு. அதான் ஆறு போட்டேன்."

"அது அறிவு இல்லம்மா. மைனஸ்" என்றார் புருஷோத்தமன். "ஒரு ஆளு நல்லா நடந்து ஆஸ்பத்திரிக்குள்ள போயி, நொண்டிக்கிட்டு வெளிய வந்தா யாருக்குக் கெட்ட பேரு? இருவத்தெட்டாந்தேதி தரமதிப்பீட்டுக் குழு வருது. நான் என்னா சொல்றது? காசு செலவு பண்ணி அனுப்பி மூணு பாயிண்ட் கொறச்சிக் கூட்டியாந்தோம்னா?"

"அப்ப ஆறை மாத்திப் போடுங்க சார்."

"முடியாது. பின்நிலை நேரா குழுவோட கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சி. பூட்டிட்டாங்க. முன்நிலை இன்னும் பேப்பர்ல நம்மகிட்டதான் இருக்குது. ஆபீஸ் மாலா மேடம் பீரோவுல."

உலகத்தில் மற்ற இடங்களில் நடந்து முடிந்ததை மாற்ற முடியாது, இனி நடப்பதைத்தான் மாற்றலாம் என்பார்கள். கண்ணாடி ரூமில் இப்போதைய சத்யப்பிரியாவுக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. மாற்றுவதற்கு மிச்சம் இருந்தது பழைய சத்யப்பிரியா மட்டும்தான்.

"நீ முன்னாடி இன்னும் மோசமா இருந்திருக்கணும்மா" என்றார் புருஷோத்தமன் கனிவாக.

கேன்டீனில் இளஞ்செழியன் உட்கார்ந்திருந்தான். பாகூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். அவளோடு அதே ஊருக்குப் போய் வந்தவன். அவன் குறியீடு பிளஸ் எட்டு.

"முன்நிலை எவ்ளோடா போட்ட?"

"ஒண்ணு."

"நீயா? ஒண்ணா? கபடி டீம் கேப்டன் நீ!"

"அதனாலதான் ஒண்ணு" என்றான் சமோசாவை உடைத்தபடி. "மேட்சுக்கு எடை போடறதுக்கு முன்னாடி நாள் சாப்பிடாம கெடப்பமே, அந்த மாதிரி. எங்க எடை போட்டாலும் கம்மியாக் காட்டணும். நீ என்னாத்துக்குப் பெரிய இவ மாதிரி ஒம்போது போட்ட?"

"உண்மையத்தான கேட்டாங்க."

"ஃபார்ம்ல எவன்டி உண்மையக் கேப்பான்? சரி, பிரதிபலிப்புக் கட்டுரை எழுதிட்டியா? நான் 'என்னை நான் கண்டெடுத்தேன்'னு எழுதிட்டேன்."

"எங்க கண்டெடுத்த?"

"ஹாஸ்டல் கிச்சன்ல. நாலு மாசமும் அங்கதான இருந்தேன்."

ஒன்பதை ஒன்றாக்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் கல்லூரி என்பது பொய்யை வெறுங்கையால் எழுதும் இடம் அல்ல. அதற்கு ஆதாரம் வேண்டும். மூன்று பேர் கொண்ட முன்நிலை மறுநிர்ணயக் குழு ஒன்று உட்கார்ந்து, சத்யப்பிரியா முன்பு அறிவும் துணிவும் இல்லாமல் இருந்ததை நிரூபிக்கும் ஆவணங்களைக் கேட்டது.

முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. அவள் முதலாம் ஆண்டில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். போட்டி நடத்தியது அதே கல்லூரி. சான்றிதழில் கையெழுத்து அதே புருஷோத்தமன். அவர் தன் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ நல்லாப் பேசலையேம்மா" என்றார்.

"பரிசு குடுத்தீங்களே சார்."

"ஊக்கப்படுத்தக் குடுத்தோம்."

பரிசு முன்தேதியிட்டு ரத்தானது. கோப்பையைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டதற்கு மாலா மேடம் ஒரு ரசீது தந்தார். 'பெறாத பரிசு திரும்பப் பெறப்பட்டது' என்று அதில் இருந்தது.

அடுத்தது புகைப்படம். 'முன்' என்று ஒரு படம், 'பின்' என்று ஒரு படம் வேண்டும். புருஷோத்தமன் போட்டோகிராபரோடு வீராம்பட்டினம் வந்தார். வந்தவர் சத்யப்பிரியாவின் வீட்டைப் பார்த்து மனமுடைந்து போனார். ஒட்டுப் போட்ட கூரையை எதிர்பார்த்து வந்திருந்தார். தளம் போட்ட வீடு, வாசலில் டைல்ஸ், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்.

"வேற வீடு இல்லையா?"

"இதான் சார் எங்க வீடு."

"இது ஏற்கெனவே மாறின மாதிரி இருக்குதேம்மா."

நாலு வீடு தள்ளி வலை வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. ஓலை சரிந்திருந்தது. யாரும் குடியிருக்கவில்லை, ஓர் ஆடு மட்டும் படுத்திருந்தது. அதன் வாசலில் அவளை உட்கார வைத்தார்கள். ஆடு எழுந்திருக்க மறுத்ததால் அதுவும் குடும்பத்தில் சேர்ந்தது.

"கொஞ்சம் நம்பிக்கை இல்லாமப் பாரும்மா" என்றார் போட்டோகிராபர். அவளுக்கு அது வரவில்லை. "சிரிக்காத. கோவமும் வேணாம். வாழ்க்கையில இனிமே ஒண்ணும் இல்லங்கற மாதிரி."

அவள் புருஷோத்தமனைப் பார்த்தாள். "சூப்பர்!" என்று படம் எடுத்தார்கள்.

கடைசி ஆவணம் பெற்றோர் சான்று. அதை மையமே தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தது. தனக்கொடி கரையில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்கு அங்கே தனி மரியாதை உண்டு. எதிர்ப்பேரம் பேச வந்த வியாபாரி பாதி வாக்கியத்தில் திரும்பிப் போனது பலமுறை நடந்திருக்கிறது. புருஷோத்தமன் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"'என் மகள் சத்யப்பிரியா சிறு வயது முதல் கூச்ச சுபாவம் உடையவள். நாலு பேரைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள்.'"

"யாரு, இவளா?" தனக்கொடி மீனை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "என் பின்னாடியா? ஏலத்துல என்னைத் தள்ளிட்டு முன்னாடி போயி நிப்பா சார் இவ."

"'எங்கள் குடும்பத்தில் எவருக்கும் உலக அறிவு கிடையாது. எனக்குப் பிறரிடம் பேசவும் தெரியாது. என் மகளுக்கு நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.'"

பக்கத்தில் கூடை வைத்திருந்த வியாபாரி அம்மாவாசை வாய்விட்டுச் சிரித்தார். "தனக்கொடிக்குப் பேசத் தெரியாதாமா? யோவ், யாராவது வந்து கேளுங்கய்யா!"

தனக்கொடி சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தாள். "இதுல போட்டாத்தான் மார்க்கு குடுப்பாங்களா?"

சத்யப்பிரியா வாயைத் திறப்பதற்குள் புருஷோத்தமன் சொன்னார்: "ஆமாம்மா. இது ஒரு ஃபார்மாலிட்டி."

தனக்கொடி கையைக் கடல் தண்ணீரில் அலம்பி, புடவையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, 'எனக்குப் பேசத் தெரியாது' என்பதற்குக் கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள். பத்தாவது வரை படித்தவள். அழகான கையெழுத்து.

"ஏம்மா போட்ட?" என்றாள் சத்யப்பிரியா.

"போனாப் போவுது, வுடுடி. ஒரு பேப்பருக்கு நான் ஊமையாயிடப் போறேனா?"

அன்றைக்கு சத்யப்பிரியா சாப்பிடவில்லை. வீடு, ஆடு, கோப்பை எதுவும் அவளை அப்படிச் சுடவில்லை. 'கற்றுக்கொடுக்கவில்லை' என்ற ஒரு வார்த்தை சுட்டது. மீனின் செவுளைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவள், எதிராளி பொய் விலை சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்காமல் கால் விரலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள், ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு ஒரு முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, மாலா மேடத்தின் பீரோவுக்குள் வைத்தாகிவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி விழா. மேடையில் தரமதிப்பீட்டுக் குழுவின் மூன்று பேர். நடுவில் தலைவர் முனைவர் ராமலிங்கம். முன்வரிசையில் 'சான்று' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெற்றோர்கள். தனக்கொடி பட்டுப் புடவையில் வந்திருந்தாள். புருஷோத்தமன் ஓடி வந்து, "இன்னும் கொஞ்சம் பழசாக் கட்டியிருக்கலாமேம்மா" என்று வருத்தப்பட்டார்.

கல்லூரி முதல்வர் முனைவர் ஆதிலட்சுமி "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லித் தொடங்கினார். "நம் கல்லூரியில் கழிப்பறை மூடியிருக்கிறது என்பார்கள். நூலகம் மூடியிருக்கிறது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரதிபலிப்பு மையம் ஒருநாள்கூட மூடியதில்லை!"

புருஷோத்தமன் அடுத்துப் பேசினார். "மற்ற கல்லூரிகள் மாணவர்களை உருவாக்குகின்றன. அதற்கு நிறைய நேரம் பிடிக்கும். நாங்கள் நேரடியாக மாற்றத்தை உருவாக்குகிறோம். ஒரு மாணவர் உயர்ந்தாரா என்று காட்ட அவரை உயர்த்தியாக வேண்டும் என்பது பழைய முறை. அவர் எங்கிருந்து கிளம்பினார் என்பதைச் சரியாகத் தீர்மானித்துவிட்டால் போதும், உயரம் தானாக வந்துவிடும்."

குழு குறிப்பெடுத்துக்கொண்டது.

இளஞ்செழியன் மேடை ஏறி, கட்டுரையில் தன்னைக் கண்டெடுத்த இடம் வந்ததும் சரியாக அழுதான். பிறகு சத்யப்பிரியாவை அழைத்தார்கள். பின்னால் திரையில் கொட்டகையும் ஆடும் அவளும் தெரிந்தார்கள். கையில் கொடுத்திருந்த தாளை அவள் வாசிக்க ஆரம்பித்தாள். 'நான் பேசப் பயந்தவள். என் தாய்க்குப் பேசத் தெரியாது. அவர் எனக்கு எதுவும்...'

அங்கே வாசிப்பை நிறுத்தினாள். முன்வரிசையில் தனக்கொடி, 'படிடி, படி' என்று கையைக் காட்டினாள்.

"இது பொய்" என்றாள் சத்யப்பிரியா. மைக்கை நெருங்கி நின்றாள். "இதுல இருக்கிற ஒரு வரிகூட நான் எழுதல. அந்த வீடு எங்க வீடு இல்ல. அந்த ஆடு யாரோடதுன்னே எனக்குத் தெரியாது. நான் பயந்தவ இல்ல. எங்கம்மா எனக்குக் கத்துக்குடுத்தது போக மிச்சம்தான் நான் இங்கயும் அங்கயும் படிச்சது. எனக்குத் தெரியாதது நெறைய இருக்குன்னு கண்டுபிடிச்சேன். அதுக்குத் தண்டனையா என் அம்மாவை ஊமைன்னு எழுதி வாங்கிட்டீங்க. உங்களுக்கு வெக்கமா இல்ல?"

புருஷோத்தமன் நாற்காலியில் நழுவிக் கீழே போய்க்கொண்டிருந்தார். தலைவர் ராமலிங்கம் ஃபைலைப் புரட்டி, பெற்றோர் சான்றைப் பார்த்தார். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்தார். மறுபடி சான்றைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இந்தப் பெண் நாலு பேரைக் கண்டால் ஒளிந்துகொள்பவர் என்று இதில் இருக்கிறது. இப்போது எண்ணூறு பேருக்கு முன்னால் கல்லூரியையே எதிர்த்துப் பேசுகிறார்! நான் நாற்பது கல்லூரி பார்த்துவிட்டேன். இப்படி ஒரு மாற்றத்தை எங்கும் பார்த்ததில்லை." எழுந்து நின்று கை தட்டினார். அரங்கம் முழுக்கக் கை தட்டியது. புருஷோத்தமன் நாற்காலியில் படிப்படியாக மேலே வந்தார்.

"இல்லைங்க, நான் எப்பவும்..." என்றாள் சத்யப்பிரியா. கைதட்டலில் கேட்கவில்லை. குரலை உயர்த்தினாள். உயர்த்த உயர்த்தக் கைதட்டலும் உயர்ந்தது.

தனக்கொடி எழுந்தாள். "நிறுத்துங்கய்யா!" என்றாள். கரையில் ஐம்பது பேர் கூச்சலை அடக்கும் குரல் அது. அரங்கம் கப்பென்று அடங்கியது. "என் பொண்ணு பொறந்ததுலேர்ந்து இப்பிடித்தான். நானும் இப்பிடித்தான். இவரு வந்து கேட்டாரு, மார்க்குக்காகப் போட்டுக் குடுத்தேன். பேசத் தெரியாதவளாட்டமா இருக்குது என்னைப் பாத்தா?"

தலைவர் சான்றின் கடைசிப் பத்தியைத் தேடினார். "தாயாருக்கும் பேசத் தெரியாது என்றுதான் இருக்கிறது" என்றார் தழுதழுத்த குரலில். "மாற்றம் குடும்பத்துக்கும் பரவியிருக்கிறது. இதற்குத் தனிப் பத்தி ஒதுக்க வேண்டும்."

முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாலா மேடம் மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடி ரூம் ஜன்னல் வழியாக நீட்டினார். அதற்காக முதன்முறையாக அந்த ஜன்னல் திறந்தது. எல்லா மதிப்பெண்ணும் சரியாக இருந்தது. சத்யப்பிரியா அதை அங்கேயே படம் எடுத்து அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் இடம் உறுதி என்று பதில் வந்தது. அவள் கேட்ட இன்னொன்று கிடைக்கவில்லை.

"அம்மா போட்ட சான்றை மட்டும் குடுத்துடுங்க மேடம்."

"அது இனிமே நம்மகிட்ட இல்லம்மா. குழுவுக்குப் போயிடுச்சி. பூட்டிட்டாங்க."

ஒரு வாரம் கழித்து, வீராம்பட்டினத்துக்குள் திரும்பும் ரோட்டு முனையில் இருபது அடிக்கு ஒரு ஃபிளக்ஸ் பேனர் எழுந்தது. ஒரு பக்கம் முதல்வர், ஒரு பக்கம் புருஷோத்தமன். நடுவில் விழாவில் எழுந்து நிற்கும் தனக்கொடி. 'பேசத் தெரியாத மீனவப் பெண்மணியையும் பேச வைத்த கல்லூரி! சேர்க்கை நடைபெறுகிறது.'

மீன் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். "என்னா தனக்கொடி, எப்ப பேச ஆரம்பிச்ச?" அம்மாவாசை ஏலத்தில் வம்புக்கு இழுத்தார். "அக்கா, காலேஜ்ல எவ்ளோ வெலை சொல்லச் சொன்னாங்க?" முதல் நாள் தனக்கொடி திட்டினாள். இரண்டாம் நாளும் திட்டினாள். மூன்றாம் நாள் கத்தியை எடுத்துக்கொண்டு, "வண்டிய எட்றி" என்றாள்.

சத்யப்பிரியா பேனரைக் கட்டியிருந்த சவுக்குக் கம்பில் ஏறி மேல் கயிறுகளை அறுத்தாள். தனக்கொடி கீழ்க் கயிறுகளை அறுத்தாள். பட்டப்பகலில், பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் பார்க்க, சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிளக்ஸ் நல்ல கெட்டியான சரக்கு. மணல் ஒட்டாது, ஈரம் ஏறாது. கருவாடு காயப் போட அதைவிட நல்ல விரிப்பு கிடையாது.

"எழுத்துப் பக்கம் கீழ போட்டுடவாம்மா?"

"மேலயே இருக்கட்டும்" என்றாள் தனக்கொடி.

உப்பில் ஊறிய நெத்திலியை அள்ளி முதலில் முதல்வர் மேல் பரப்பினாள். பிறகு புருஷோத்தமனின் நெற்றியிலிருந்து தாடை வரை இடம் விடாமல் பரப்பினாள். தன் படம் இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து காக்கை விரட்டினாள்.

மதியம் சத்யப்பிரியாவின் போன் அடித்தது. புருஷோத்தமன்.

"பேனரைக் காணோமேம்மா. எங்கன்னு தெரியுமா?"

அவள் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அதையும் எழுதிக்கொள்வார் என்று தோன்றியது. போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"காயுது சார்" என்றாள் தனக்கொடி. "உங்க மூஞ்சில இன்னும் ஈரம் இருக்குது. சாயங்காலம் திருப்பிப் போடறேன்."